பன்னிரண்டு படத் தாள்

தூண்களின் அடியில் தகடு இருந்தது. தகடுகளில் துளைகள் இருந்தன. துளைகளில் ஒன்றுமே இல்லை.

"போல்ட் எங்க?" என்றான் வினோஜன்.

"தகடே தாங்கும் சேர். நல்ல பாரம்," என்றார் கட்டட வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் நிப்ராஸ்.

தலவாக்கலைக்கு மேலே உள்ள தோட்டம் அது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான புது மடுவத்துக்கு நாளைக் காலை திறப்பு விழா. அது உறுதியானது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் வினோஜன் கையெழுத்துப் போட வேண்டும்.

அவன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட தாளை எடுத்தான். பன்னிரண்டு சட்டகங்களின் படம். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரிச் சூத்திரம். கணினி இல்லாமல் ஐந்து நிமிடத்தில் விடை சொல்லும்.

"இங்க பாருங்க நிப்ராஸ் நானா. கால இறுக்கிப் பிடிச்சா, காத்து தள்ளுறத காலும் தலையும் பாதிப் பாதியா வாங்கிக்கும். கால் சும்மா நின்னா அம்புட்டும் தலைக்குத்தான். ரெண்டு மடங்கு! ஒங்க தூண் தாங்காது. ஆடிக் காத்துல நாப்பது பொம்பளைங்க இதுக்குக் கீழ நிப்பாங்க."

"கால இறுக்கக் கொங்கிறீட் போட்டா நாளைக்குள்ள காயுமா சேர்? பெரிய ஆள் வர்றாரு."

வினோஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழாம் படத்தைக் காட்டினான். "அப்ப குறுக்குக் கம்பியாவது போடுங்க."

முன்புறத் தூண்களுக்கு நடுவே இரண்டு கம்பிகள் பெருக்கல் குறியாக ஏறின. அந்நேரம் கொழுந்துச் சாக்கோடு வந்த சண்முகவடிவு வாசலில் நின்றாள்.

"இது மடுவமா, கோழிக்கூடா சேர்? குனிஞ்சா கொழுந்தெல்லாம் கொட்டுது."

குனிந்தே நுழைந்தாள். கொட்டியது. முகத்தைத் துடைக்கையில் கழன்ற சிவப்புப் பொட்டைப் பக்கத்துத் தூணில் ஒட்டினாள்.

"தூண்ல எதையும் ஒட்டாதீங்க! நாளைக்குத் திறப்பு விழா!"

"பொட்டு பாரமா சேர்? ஒங்க தாள்ல அதுக்குமா கணக்கு இருக்கு?"

நிப்ராஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கம்பிகள் பின்புறம் போயின. வினோஜன் முன் தூணில் கைவைத்துத் தள்ளினான். பின்புறம் அசையவில்லை. முன்புறம் மட்டும் ஒரு பக்கமாகப் போனது. கூரை முறுக்கிக்கொண்டது. ஒரு தகரம் கழன்று அவன் காலடியில் விழுந்தது. பன்னிரண்டு படத்தில் இப்படி ஒரு படம் இல்லை.

"வெல்டிங் அடிங்க!" என்று கத்தினான். "மூட்டு பூராவும்! இப்பவே!"

அதுவரை சொன்னதையெல்லாம் செய்த நிப்ராஸ் குறுக்கே வந்தார்.

"வெல்டிங் மட்டும் வேணாம் சேர்."

"ஏன்?"

"போல்ட்டுதான் வசதி."

"யாருக்கு வசதி? மேல விழப்போறது இவங்க தலையில! நாலு தூணை ஒழுங்கா நிறுத்தத் தெரியல, அதுக்கு மாலை, மேளம், ரிப்பன்! கையெழுத்துக் கெடையாது. போய்ச் சொல்லுங்க, யார்கிட்ட வேணுன்னாலும்!"

நிப்ராஸ் விழுந்த தகரத்தை எடுத்து ஓரமாகச் சாத்தினார்.

"வருசக் கணக்கா நிக்கவேண்டிய மடுவம் இது!" வினோஜன் தூணைத் தட்டினான். "ஆடி மாசம் ஒண்ணத் தாண்டுமா? சொல்லுங்க நானா, தாண்டுமா?"

சண்முகவடிவு பின் தூணருகே குனிந்து எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"எதுக்கு சேர் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துறீங்க? போன மாசம் உடப்புசல்லாவப் பக்கம் எங்கக்கா தோட்டத்துல ரிப்பன் வெட்டிட்டுக் கழட்டுன மடுவந்தானே இது. அன்னைக்குப் பச்சைச் சேலை கட்டியிருந்தேன், இந்தா, நான் ஒட்டுன பச்சைப் பொட்டு."