ஹார்ன் மாஸ்டர்

திருவொற்றியூரில் மூச்சு விடக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பி.டி. மாஸ்டர்தான். அவருடைய பெயர் எனக்கே மறந்துவிட்டது. ஊருக்கு அவர் ஹார்ன் மாஸ்டர்.

தினமும் காலையில் பத்து நிமிடம் பிள்ளைகளுக்கு மனதை அமைதிப்படுத்தும் பயிற்சி தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்காக மாஸ்டர் மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தார். கண்ணை மூடிப் பறவைகளின் ஒலியைக் கேட்கச் சொன்னார்களாம். எங்கள் பள்ளி வாசலில் பறவை ஏது? துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள்தான். அவர் திரும்பி வந்த அன்று காலை எண்ணினேன், நாற்பத்தேழு லாரி.

மாஸ்டர் யோசித்தார். "ஹார்ன் அடிச்சா மூச்ச இழு. நின்னா மெதுவா வுடு. அவ்ளோதான் நைனா!"

டிராஃபிக் ஜாம் நாட்களில் அவஸ்தைதான். "சார், லாரிக்காரன் கையவே எடுக்க மாட்றான், எம்மா நேரம் இழுத்துகினே கீறது?" என்று கடைசி பெஞ்சு கதறும்.

கணக்கு வாத்தியாரான என்னையும் விடவில்லை. "இன்னா சார், பேப்பர் கட்டப் பாத்தாலே மூஞ்சி செவக்குது? ரெண்டு ஹார்ன் இழுத்துட்டுத் திருத்து." இழுத்தேன். அந்த வாரம் நான் உடைத்த சாக்பீஸ் மூன்றுதான். வழக்கமாகப் பதினாறு.

பத்தாம் வகுப்பு மேரிக்குப் பரீட்சை என்றால் பேனாவைத் திறக்கவே பயம். இரண்டு முறை கணக்கில் வெள்ளைத்தாள் கொடுத்திருந்தாள். "அரையாண்டுலயும் முட்டை வாங்குனா, எறா உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பிடுவேன் சார்" என்று அவள் அப்பா என்னிடமே சொல்லிவிட்டார்.

அரையாண்டுக் கணக்குப் பரீட்சையன்று லாரி ஸ்டிரைக். சாலை வெறிச்சோடிக் கிடந்தது. மேற்பார்வைக்கு நான். பன்னிரண்டு நிமிடமாகியும் மேரி பேனா மூடியைத் திறக்கவில்லை.

திடீரென்று வராந்தாவில், "பாஆஆம்!"

தூணுக்குப் பின்னால், கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, மாஸ்டர். அறையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் எழுபத்தாறு தோள்களும் ஏறி இறங்கின. மறுபடி "பாஆஆம்!" ஏழாவது ஹார்னில் மேரி பேனாவைத் திறந்தாள். பதினொன்றாவதில் இரண்டாம் பக்கம் போயிருந்தாள்.

தலைமையாசிரியை வேகமாக வந்தார். பரீட்சை நேரத்தில் சத்தம் போட்டால் மெமோ என்று மாஸ்டரை ஏற்கெனவே எச்சரித்திருந்தவர்.

"யார் சார் அது?"

"லாரி மேடம்."

காலிச் சாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போய்விட்டார்.

மேரி நாற்பத்திரண்டு வாங்கினாள். முப்பத்தாறு வருட உத்தியோகத்தில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. அந்த மனிதருக்காக இன்னும் பத்துகூடச் சொல்லியிருப்பேன்.