சந்தனத்துக்கு அடியில் ஒரு டிவோரா

மனிதர்களில் பேட்ஜ் பக்தர் என்றொரு இனம் உண்டு. எங்கே இருப்பார் என்று தேடவே வேண்டாம். கல்யாண மண்டப வாசலில் வண்டியின் மூக்கு எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்திவிட்டு, இறங்கி நாலு எட்டு நடந்து, எதையோ மறந்தவர் மாதிரித் திரும்பி வந்து, கைக்குட்டையை எடுத்து, முன்பக்க கிரில்லின் நடுவில் மின்னுகிற அந்த உள்ளங்கை அகலச் சின்னத்தை மட்டும் துடைத்துவிட்டுப் போகிறாரே, அவர்தான்! கண்ணாடியில் காக்கை எச்சம் காய்ந்து கிடக்கும். அது கிடக்கட்டும். சின்னம் மின்ன வேண்டும்.

இவர் வாயில் ‘கார்’ என்ற சொல் வராது. ‘டிவோராவ எடுத்துட்டு வாரேன்’ என்பார். ‘டிவோராவுல ஒரு சாவி கிடக்கும், எடு’ என்பார். நாலு பேர் பார்க்க பானெட்டைத் திறக்கவே மாட்டார். ஏன் தெரியுமா? திறந்தால் உள்ளே முக்கால்வாசி மூடிகளில் ‘மிக்கோ’ என்று அச்சடித்திருக்கும்.

மிக்கோ என்பது டிவோராவின் ஏழைச் சகோதரி. ஏழை என்றால் விலையில் மட்டும்தான். இரண்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் உருண்டு வருபவை. எஞ்சின் ஒன்று, கியர் ஒன்று, சீட்டு ஒன்று, கதவுக் கைப்பிடி ஒன்று. வரிசையின் கடைசியில் ஒருவர் நின்று இதில் ஒரு சின்னமும் அதில் ஒரு சின்னமும் பொருத்துகிறார். அதோடு இரண்டின் விதியும் பிரிந்துவிடுகிறது. ஒன்று காபி கொடுக்கிற ஷோரூமுக்குப் போகிறது. இன்னொன்று தண்ணீர் கேன் வைத்திருக்கிற ஷோரூமுக்கு.

நம் பக்தர் சோலைராஜுக்கு இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட். ஒரே தறியில் நெய்து, ஒரே தொட்டியில் வெளுத்து, ஒரே மேஜையில் சுருட்டிய துணியில் பாதியைச் சாதாக் கவரிலும், மீதியைத் தங்க எழுத்துப் போட்ட பெட்டியிலும் அடைத்து இரண்டு கம்பெனிகளுக்கு அனுப்புவது அவருடைய அன்றாட வேலை. இந்த உலகத்தில் யாருக்கு உண்மை தெரிய வேண்டுமோ அவருக்கே தெரியும்! அவர் மனைவி செல்வலட்சுமி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஏங்க, நம்ம துணி மாதிரிதான அந்த ரெண்டு வண்டியும்?”

“அது துணி. இது வண்டி.”

விவாதம் முடிந்தது.

சோலைராஜ் டிவோராவுக்குப் புக் பண்ணிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த நேரத்தில்தான், அவருடைய சகலை விஜயபாண்டி, அதாவது செல்வலட்சுமியின் தங்கை மாரீஸ்வரியின் கணவர், சத்தமில்லாமல் ஒரு மிக்கோவுக்குப் புக் பண்ணினார். நிறமும் அதே வெள்ளை. விஜயபாண்டி எதிர் இனம். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ இனம். எதிரில் யார் எதை வாங்கி வந்து நின்றாலும் அதன் மலிவான தம்பியைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறவர்.

கூமாப்பட்டியில் மாமியார் வீட்டில் மோதல் வெடித்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பம் எங்கே கிளம்பினாலும் மூத்த மருமகன் வண்டி முன்னால் போகும், இளையவர் வண்டி பின்னால். சைக்கிள் காலத்திலிருந்து, புல்லட் காலத்தைத் தாண்டி, இன்றுவரை அப்படித்தான்.

“அண்ணாச்சி, பேட்ஜைக் கழட்டிட்டா உங்களுக்கே ரெண்டும் அடையாளம் தெரியாது” என்றார் விஜயபாண்டி, கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே.

“தம்பி, கண்ணைக் கட்டி உக்கார வச்சாலும் சொல்லிருவேன். அது ஒரு ஃபீலு. ஓட்டுனாத்தான் தெரியும்.”

“தெரியலேன்னா?”

“தெரியலேன்னா இனி என் வண்டி உன் வண்டிக்குப் பின்னாலதான் வரும். போதுமா?”

மாமியார் அய்யம்மாள் கையில் ரசக் கரண்டி அப்படியே நின்றது. மூத்த மருமகன் என்ற பட்டத்தையே தூக்கிப் பணயம் வைத்துவிட்டார் மனுஷன்!

இரண்டு வண்டிகளும் ஒரே வாரத்தில் வந்தன. “ஒரே நாள்ல நாச்சியாருக்கு முன்னால பூசை போட்ருவோம். பொறவு நம்ம வீட்டுக்கு வாங்க” என்றார் அய்யம்மாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் முன்னால் இரண்டு வெள்ளை வண்டிகளும் முகம் காட்டி நின்றன. முன்னாலும் பின்னாலும் நம்பர் பிளேட்டை மூடிக்கொண்டு ஆளுயரச் சம்பங்கி மாலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பட்டர் இளைஞர், கைதாராளமானவர். மாலைக்கு மேலே பளிச்சென்று தெரிந்த ஒரே இடமான அந்தச் சின்னத்தில்தான் சந்தனத்தை அப்பி, அதன் மேல் அழகாக நாமம் சாத்தினார். பின்பக்கச் சின்னத்திலும், உள்ளே ஸ்டியரிங் நடுவிலும் ஆளுக்கொரு அப்பு. இரண்டு சாவிகளையும் ஒரே தட்டில் வைத்து, அவற்றுக்கும் சந்தனம் பூசி, சந்நிதிக்குக் கொண்டுபோய், துளசியோடு திருப்பிக் கொண்டுவந்து நீட்டினார்.

மூத்தவர் அல்லவா? சோலைராஜ்தான் முதலில் கை நீட்டி ஒரு சாவியை எடுத்தார். அமுக்கினார். ஒரு வண்டி கண் சிமிட்டியது. வண்டியே கூப்பிடும்போது எவன் மாலையை விலக்கி நம்பரைப் பார்ப்பான்? ஏறி உட்கார்ந்தார்.

அது மிக்கோ.

பக்கத்தில் செல்வலட்சுமி, பின்னால் அய்யம்மாள். மிச்சமிருந்த சாவியோடு விஜயபாண்டியும் மாரீஸ்வரியும் டிவோராவில் ஏறி, வழக்கப்படி பின்னால் வந்தார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் சோலைராஜ் தொடங்கிவிட்டார்.

“அத்தை, இப்ப ஒரு பள்ளத்துல விட்டேன், தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது மாப்ள. இடுப்புல குத்துச்சு.”

“அதே பள்ளத்துல மிக்கோ விட்டிருந்தா உங்க இடுப்பே இருந்திருக்காது. அம்புட்டு வித்தியாசம்! ஏசியைப் பாருங்க, குளிருலயே ஒரு மரியாதை இருக்கு. ஏட்டி, நீ சொல்லு, சீட்டு எப்படி?”

செல்வலட்சுமி காலடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். காலையில் அவள் வைத்த பிளாஸ்க் அங்கே இல்லை. பதிலாக மாரீஸ்வரியின் பச்சைக் குடை கிடந்தது. குடையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். குடையை மெதுவாகக் காலால் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

“மெத்து மெத்துன்னு இருக்குங்க. இன்னும் சொல்லுங்க.”

சொன்னார்! வத்திராயிருப்பு வரைக்கும் சொன்னார். ஸ்டியரிங் வெண்ணெய் என்றார், பிரேக் பூ என்றார், இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிப்பதில்கூட ஒரு வளர்ப்பு தெரிகிறது என்றார். பின்னால் டிவோராவை ஓட்டி வந்த விஜயபாண்டி சும்மா வந்தாரா? “பாத்தியா மாரி, வீண் பகட்டு இல்லாததால எம்புட்டு லேசா இழுக்குது!” என்று அவரும் மிக்கோவின் புகழைத்தான் பாடிக்கொண்டு வந்தார்.

கூமாப்பட்டி வந்தது. வீட்டு வாசலில் தெருவே கூடியிருந்தது. சோலைராஜ் இறங்கினார். நாலு எட்டு நடந்தார். எதையோ மறந்தவர் மாதிரித் திரும்பி வந்தார். கைக்குட்டையை எடுத்தார். நாமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காய்ந்த சந்தனத்தைப் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோலப் பதமாகத் துடைத்தார்.

துடைக்கத் துடைக்க, மிக்கோ சிரித்தது.

“ஏங்க,” என்றாள் செல்வலட்சுமி குடையை விரித்துக்கொண்டு, “அந்த இண்டிகேட்டர் வளர்ப்பு, அது யாரு வீட்டு வளர்ப்பு?”

தெரு சிரித்தது. விஜயபாண்டிக்கு விஷயம் புரியவே செத்த நேரம் ஆனது. புரிந்ததும் அப்படி ஒரு சிரிப்பு!

“அப்பவே நினைச்சேன்” என்றார் சோலைராஜ். “ஸ்டியரிங் ஒரு மாதிரி இழுத்துச்சு.” ஆனால் குரலில் காற்றே இல்லை. அன்றைக்குப் பந்தியில் அவர் அப்பளத்தைக்கூட நொறுக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதானே? சாயங்காலம் கிளம்பும்போது, அவராகவே தன் டிவோராவில் ஏறி, விஜயபாண்டியின் மிக்கோவுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வண்டி அந்த இடத்தில் நின்றதே இல்லை. அய்யம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஊர் எல்லை தாண்டியதும் விஜயபாண்டி வண்டியை ஓரம் கட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. ‘நீங்க முன்னால போங்க அண்ணாச்சி’ என்று அசைந்தது. ஜெயித்தவன் கை! ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று ஊரெல்லாம் வாதாடுகிற மனிதருக்கு, அண்ணாச்சியும் தானும் மட்டும் ஒன்றில்லை போல. இதைப் பார்த்து நெஞ்சு இளகாதவர் யார்? செல்வலட்சுமிக்கே கண் கலங்கிவிட்டது.

சோலைராஜ் மூக்கை உறிஞ்சினார். ஆக்சிலேட்டரை மிதித்தார். மிக்கோவைத் தாண்டினார். தாண்டியதும் மனைவி பக்கம் திரும்பினார்.

“பாத்தியா பிக்கப்பை? இதுதான் டிவோரா!”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் செல்போனைக் கவிழ்த்துப் பாருங்கள். கீழே விழுந்தாலும் கீறல் படக்கூடாது என்று உறை வாங்கி மாட்டியிருக்கிறீர்களே, அந்த உறையில், சரியாகக் கம்பெனிச் சின்னம் இருக்கிற இடத்தில் மட்டும், வட்டமாக ஒரு ஓட்டை எதற்கு?