பூண்டு வக்கீலும் நான் வைத்த பங்கும்

கொடைக்கானலில் ரோட்டை மறித்து நிற்கும் காட்டுமாட்டுக்குப் பயப்படாதவர்கள்கூட உண்டு. பூண்டு வக்கீலுக்குப் பயப்படாதவர் ஒருவரும் கிடையாது. விவாகரத்துக் கேட்டு வருகிறவர்களைக் கோர்ட்டின் சமரச மையத்தில் உட்காரவைத்துப் பேசுவது அவர் வேலை. கோட்டுப் பை நிறைய மலைப்பூண்டு. கோபம் வந்தால் ஒரு பல்லை உரித்துப் பச்சையாகக் கடிப்பார். அப்புறம் எதிரில் இருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் பேச வேண்டும்.

எனக்கு ஒரே பயம், ஏழு வயது மகளை என் வீட்டுக்காரர் கொண்டுபோய்விடுவாரோ என்று. எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார் வக்கீல். நான் அழுது கொட்டி, மகளை மட்டும் என்னிடமே விட்டுவிடச் சொல்லுங்கள் என்றேன். கடித்தார் ஒரு பல்.

"இங்க சொன்னதை அங்க நான் சொல்லக் கூடாதும்மா. தீர்ப்புச் சொல்றதும் என் சோலி இல்ல. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாக் கையெழுத்து, இல்லைன்னா ஜட்ஜய்யா."

பிறகு இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, மேஜையில் மூன்று பூண்டை வைத்தார். வீடு, தோட்டம், ஜீப்பு. நான் போட்டு வந்த நகை என்னுடையது, அது இதில் வராது என்றார். எங்கள் வில்பட்டிப் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோல ஒருவர் பங்கு வைக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். என்னை வைக்கச் சொன்னார்.

மகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாரே என்று பதறி, நானே ஒரு சின்னப் பூண்டை எடுத்து, "இது பாப்பா" என்றேன். புத்தி கெட்டவள். சொன்ன பிறகுதான் உறைத்தது, முதலில் எடுக்கப்போவது வீட்டுக்காரர். மூன்று பூண்டையும் ஒரு பக்கம் குவித்து, சின்னதை மட்டும் தனியே வைத்தேன். மனுஷன் ஆசைப்பட்டுக் குவியலை எடுக்கட்டும் முருகா என்று பழனி இருக்கும் திசையை மனசுக்குள் கும்பிட்டேன்.

வீட்டுக்காரர் கை நேராகச் சின்னப் பூண்டுக்குப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது.

"அவ்வளவும் நீயே வச்சுக்க. பாப்பாவக் கண்ணுல காட்டவே மாட்டியோன்னுதான் ஆறு மாசமா எனக்குத் தூக்கமில்ல" என்றார்.

வக்கீல் அந்தப் பூண்டைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "பாப்பா பங்குல வராது. இப்பத்தான் ஒருத்தருக்கொருத்தர் வாயத் தெறந்திருக்கீங்க. வெரசா பேசுங்க."

இரண்டு பேர் பயமும் ஒன்றுதான் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. சொல்லத்தான் வழியில்லை. மகள் என்னோடு, சனி ஞாயிறு அப்பாவோடு. வீடு எனக்கு, தோட்டமும் ஜீப்பும் அவருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது.

இன்றைக்கும் அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போது நடையை எட்டிப் போடுவேன். ஆனாலும் அப்பா தோட்டத்தில் பூண்டு எடுத்ததும், முதல் கட்டை மகள் வக்கீலுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கடிக்கத் தோதான பல்லாகப் பார்த்து நான்தான் பொறுக்கி வைக்கிறேன்.