பிலாரம்மா கடைக்கு எதிரே ஒரு நீர்மோர்ப் பந்தல்

பேரன்பும் அதைவிடப் பெரிய பிரம்பும் உடைய ஆனந்தமேரி அத்தை அவர்களுக்கு,

ஸ்பெயினிலிருந்து உங்கள் தம்பி மகள் ஷைனி எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்களும் இந்த வரி வரைக்கும் நலமாகத்தான் இருந்திருப்பீர்கள். உங்கள் முழங்கால், அப்பாவின் பந்தல் கடை, அம்மாவின் கோபம் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' கொட்டுவேன். அதோடு இந்த முகாமில் எங்கள் போனையெல்லாம் பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை நாலு முதல் நாலரை வரைதான் கையில் கிடைக்கும். அதனால் தாளில் எழுதி, படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன். தயவுசெய்து முதல் பக்கத்திலிருந்து படிக்கவும்.

விஷயம் இதுதான். நாளை ஞாயிறு சாயங்காலம், நம் ஊர் நேரப்படி ஐந்து மணிக்கு, எங்கள் முகாம் இயக்குநர் எமிலியோ சார் உங்களுக்குப் போன் செய்வார். பாரத்தில் 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் அப்பாவை விட்டுவிட்டு உங்கள் பெயரையும் நம்பரையும் எழுதியது நான்தான். அப்பாவின் இங்கிலீஷ் 'மைக் டெஸ்டிங்' தாண்டாது. நீங்களோ முப்பது வருடம் இங்கிலீஷ் எடுத்த தலைமையாசிரியை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதற்கு நீங்கள் சொல்லும் பதிலை வைத்து, புதன்கிழமை கிளம்பும் ஐந்து நாள் நடைப்பயணத்தில் நான் இருப்பேனா, செவ்வாய்க்கிழமை விமானத்தில் இருப்பேனா என்பது முடிவாகும். விமானத்தில் வந்தால் கையில் ஒரு கடிதமும் வரும். அது இதைப் போல் நகைச்சுவையாக இருக்காது.

முதலிலிருந்து சொல்கிறேன். மூன்று வாரம் பிள்ளைகளை ஸ்பானிஷ் மொழியில் முக்கி எடுக்கும் சாகசப் பயணம் என்று நோட்டீஸில் போட்டிருந்ததல்லவா? முக்கினார்கள், எடுக்கத்தான் இல்லை. சாகசப் பயணம் என்பதைப் பிரித்துப் படித்தால் சா, கசப்பு, பயணம் மூன்றும் வருகிறது. ஆற்றில் படகைக் கவிழ்த்தேன், பாறையில் கயிற்றோடு தொங்கினேன், அதெல்லாம் பெரிதில்லை. காலை முதல் இரவு வரை ஸ்பானிஷ் தவிர வேறு மொழி வாயில் வரக்கூடாது என்பதுதான் சாகசம். என்னிடம் இருப்பதோ அறுபது சொல். உங்கள் மருமகள் அறுபது சொல்லில் ஒரு நாளை ஓட்டுகிறாள் என்றால் திண்டுக்கல்லில் யாராவது நம்புவார்களா?

வாய் கட்டப்பட்டதால் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டில் ஒவ்வொரு பொருளின் மேலும் அதன் ஸ்பானிஷ் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் வாரம் அந்தச் சீட்டுகளை இடம் மாற்றி ஒட்டினேன். என்னோடு ஒரே அறையில் இருக்கும் ஜெர்மனிப் பெண் லோட்டே, பாவம், மூன்று நாள் ஃபிரிட்ஜை ஜன்னல் என்று படித்தாள். இது குற்றம் ஒன்று. எமிலியோ சார் தமிழில் மரியாதையாக வணக்கம் சொல்வது எப்படி என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். பெற்றோர் கூட்டத்தில், அத்தனை நாட்டு அப்பா அம்மாவும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, கைகூப்பி, அப்பாவை நீங்கள் கூப்பிடுகிற அதே தொனியில், "ஏலே சார்லஸு, சாப்டியாலே?" என்றார். அப்பா எழுந்து நின்று, "சாப்டேன் சார், நீங்க சாப்டீங்களா?" என்றார். கூட்டத்தில் இருந்த நம் பள்ளி சிஸ்டர் அடக்க முடியாமல் சிரித்ததில் குட்டு உடைந்தது. இது குற்றம் இரண்டு.

மூன்றாவது குற்றம்தான் குற்றமே இல்லை, அத்தை. அதனால்தான் இத்தனை தாள்.

இந்த ஊர் வழியாகத்தான் இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கோயிலுக்கு நடந்து போகிறவர்களின் பாதை போகிறது. கோயில் இங்கிருந்து நூற்றுப்பத்து கிலோமீட்டர். முதுகில் மூட்டை, கையில் கம்பு, காலில் கொப்புளம். முந்தின ஊருக்கும் இதற்கும் நடுவே பதினோரு கிலோமீட்டருக்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இங்கே வந்தால் முதல் வாசல் எங்கள் வீட்டுக்கார பிலாரம்மாவின் கடை. பெயருக்கு அர்த்தம் தூண் என்றார்கள்; ஆளும் அப்படித்தான். நடந்து வருகிறவர்களுக்கு ரொட்டியும் எலுமிச்சைச் சாறும் விற்பதுதான் அவர் பிழைப்பு. போன வியாழன் அவர் பக்கத்து டவுன் சந்தைக்குப் போனதால் கடை மத்தியானம் வரை பூட்டு. ஊர்க் குழாயும் ரிப்பேர். எங்களுக்கோ வகுப்பில் வீட்டுப்பாடம்: 'ஊருக்கு ஒரு நற்செயல் செய்து ஐந்து வரி எழுதி வரவும்.'

வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொருவராக வந்து பூட்டைப் பார்க்கிறார்கள், குழாயைத் திருகிப் பார்க்கிறார்கள், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தைப்பூசத்துக்கு ரெட்டியார்சத்திரத்தில் ஒரு ஆளை இப்படி விடுவோமா? அப்பா வருடா வருடம் பழனி ரோட்டில் வாடகை வாங்காமல் பந்தல் போடுவதும், ஜெய்தூன் பீவி பெரியம்மா இஞ்சி நறுக்கித் தருவதும், கழுத்தில் சிலுவையோடு நீங்கள் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று மோர் ஊற்றுவதும் கண் முன்னால் வந்தது. இந்த வருடம் ஒரு காரைக்குடிக்காரர் உங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரே:

"டீச்சரம்மா, மோருல உப்பை அம்புட்டு அள்ளிப் போட்டிருக்கீக."

"பழனி வரைக்கும் வேர்க்கணும்ல? உள்ள போனாத்தான அப்பு வெளிய வரும். பேசாம குடிங்க."

அந்தக் குரல் காதில் கேட்டது. அவ்வளவுதான். பந்தல்காரர் மகளுக்கு வேறென்ன வேண்டும்?

தோட்டத்தில் அவரைக்கொடிக்கு நட்டிருந்த கழிகளைப் பிடுங்கினேன். கொடி செத்த நேரம் தரையில் படுத்திருக்கட்டும் என்று விட்டேன். துணி காயப்போடும் கயிறு, ஆறு படுக்கை விரிப்பு. மூன்று கழிதான் இருந்ததால் நாலாவது மூலையில் லோட்டேயை நிறுத்தினேன், அவள் ஆறடி. முன்பக்க ஜாலருக்கு அலமாரியில் அழகான வெள்ளைச் சரிகை விரிப்பு ஒன்று கிடைத்தது. நாற்பது நிமிடத்தில் பந்தல் நின்றது. அப்பா பார்த்திருந்தால் கண்ணில் நீர் வந்திருக்கும். ஃபிரிட்ஜில் இருந்த அத்தனை தயிரையும் வாளியில் கொட்டி, நீங்கள் பெட்டியில் திணித்து அனுப்பிய பெருங்காயத்தையும் காய்ந்த கறிவேப்பிலையையும் போட்டுக் கடைந்தேன். அதில் நாலு டப்பா ஸ்ட்ராபெரித் தயிர். மோர் லேசாக ரோஸ் நிறத்தில் வந்தது. வந்தவர்கள் இதுதான் எங்கள் நாட்டு வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

என்ன கூட்டம், அத்தை! ஒரு கொரியா அக்கா நாலு டம்ளர் குடித்தார். ஒரு பிரான்ஸ் தாத்தா மேஜையில் காசு வைத்துவிட்டுப் போனார். தண்ணீர்ப் பந்தலில் காசு வாங்கலாமா? எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்து ஓடினார். கால் கொப்புளத்தோடு அந்த மனிதர் ஓடிய ஓட்டம், காலையிலிருந்து அவர் நடந்ததைவிட அதிக தூரம் இருக்கும். ஒரு இத்தாலிக்கார அண்ணன் கால் வலி என்றார். நம் வழக்கப்படி தைலம் தேய்த்துவிட்டேன். கொப்புளம் உடைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் போட்ட சத்தத்தில்தான் பாதி ஊர் வாசலுக்கு வந்தது.

அப்போதுதான் பிலாரம்மாவும் வந்தார், வேன் நிறைய ரொட்டியோடு. தன் கடைக்கு நேர் எதிரே, தன் படுக்கை விரிப்புகளுக்குக் கீழே, தன் தயிரை ஐம்பது பேர் ஓசியில் குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். மேலே நிமிர்ந்து சரிகை விரிப்பைப் பார்த்தார். அது அவருடைய கல்யாணத்துக்கு அம்மா கையால் பின்னிக் கொடுத்ததாம். இரண்டு நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். எனக்குப் புரிந்தது ஐந்து சொல்: 'என்', 'தயிர்', 'கல்யாணம்', 'அவரைக்கொடி', 'கடவுளே'. இந்த ஐந்தையும் எந்த வரிசையில் அடுக்கிப் பார்த்தாலும் எனக்கு நல்லதாகப் படவில்லை. அன்று சாயங்காலம் வரை அவர் கடையில் ஒரு ரொட்டி போகவில்லை. எல்லோர் வயிற்றிலும் நம் மோர்.

மறுநாள் விசாரணை. விசாரணையும் ஸ்பானிஷில்தான், விதி விதியாம்.

"எதற்குச் செய்தாய்?" என்றார் எமிலியோ சார்.

"என் ஊர். ஆட்கள் நடக்கிறார்கள். நாங்கள் மோர்."

"உங்கள் சாமிக்கா நடக்கிறார்கள்?"

"இல்லை. வேறு சாமி."

"வேறு சாமிக்கு நடப்பவர்களுக்கு, கிறிஸ்தவக் குடும்பமான நீங்கள், சும்மா மோர் கொடுக்கிறீர்கள்?"

"ஆமாம்."

"அதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

அத்தை, இந்தக் கேள்வியைத் தமிழிலேயே யாரும் நம்மிடம் கேட்டதில்லை. ஸ்பானிஷில் எங்கே போவேன்? மோர் ஊற்றுவதுபோல் கையால் காட்டினேன். அந்த நேரம் பார்த்து லோட்டே எனக்கு உதவுவதாக நினைத்து எழுந்து, "சார், இவள் இதுவரை செய்ததிலேயே இதுதான் பெரிய குறும்பு!" என்று கைதட்டினாள். முடிந்தது. பிலாரம்மாவின் பிழைப்பைக் கெடுக்க நான் திட்டம் போட்டுக் கதையும் கட்டுகிறேன் என்று எமிலியோ சார் எழுதிக்கொண்டார். கடைசியில் மனமிரங்கி, "உன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்கிறேன். உங்கள் குடும்பம் உண்மையிலேயே இப்படிச் செய்கிறதா என்று. அவர் ஆமாம் என்றால் இரு" என்றார்.

நீங்கள் உண்மையைச் சொன்னால் போதும். ஆனால் என் பேச்சைக் கேட்டதும் நீங்கள் வழக்கமாகச் சொல்வது, "ஏ கழுத, நீ மூச்சு விட்டாலே பொய்யாத்தான் இருக்கும்" என்பது. அவரிடமும் அதையே இங்கிலீஷில் சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயம். அதனால் நான் உண்மை பேசக்கூடியவள்தான் என்பதற்கு அத்தாட்சியாக, யாருக்கும் தெரியாத ஒரு உண்மையை இங்கே சொல்லிவிடுகிறேன். போன செப்டம்பரில் பங்குத் திருவிழாவில், "சிறந்த சமையலுக்கான பரிசு ஆனந்தமேரி டீச்சருக்கு, உடனே மேடைக்கு வரவும்" என்று குரலை மாற்றி மைக்கில் அறிவித்தது நான். பரிசும் இல்லை, போட்டியும் இல்லை. பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு நீங்கள் மேடையில் நாலு நிமிடம் நின்றீர்கள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை விசாரணையில் நான் நின்றபோது சரியாக அப்படித்தான் இருந்தது, அத்தை. பாவம், அப்பாவின் கடையில் மைக் பார்க்கும் முத்துச்சாமி அண்ணன்மேல் நீங்கள் சந்தேகப்பட்டு, எட்டு மாதமாக அவருக்கு மட்டும் டீ கொடுப்பதில்லை. இனிமேல் கொடுத்துவிடவும்.

புதன்கிழமை நடை எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் கேட்பீர்கள். பிறந்ததிலிருந்து பந்தலுக்கு உள்ளே நின்றே நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "ஆள் பத்தாது, நீ எங்க போற?" என்று அப்பா ஒரு தடவையும் விட்டதில்லை. ஒரே ஒரு தடவை, கம்பும் மூட்டையுமாக, யாரோ ஊற்றும் தண்ணீரைக் கையேந்திக் குடிக்கிற பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு முத்தம். அப்பாவுக்கு எதுவும் சொல்ல வேண்டாம். சந்தியாகப்பர் உங்கள் முழங்காலுக்குத் துணை இருப்பாராக. நீங்கள் எனக்குத் துணை இருப்பீர்களாக.

இப்படிக்கு,
உங்கள் காலில் விழுந்தபடி எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும்,
ஷைனி

பின்குறிப்பு: அத்தை, மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம்! எழுதி முடித்ததும் எமிலியோ சார் அறைக்குக் கூப்பிட்டார். ஞாயிறு என்று சொன்னவர், பொறுக்காமல் இன்று மத்தியானமே உங்களுக்குப் போன் செய்துவிட்டாராம். முப்பத்தைந்து நிமிடத்தில் தான் பேசியது ஒரு நிமிடம் என்றார். கேள்வியை அவர் முடிப்பதற்குள், "தாகத்துக்கு ஏதுங்க ஞானஸ்நானம்?" என்று கேட்டீர்களாம். ஷைனி அதைச் சொன்னால் சத்தியம் என்றீர்களாம். குழாயை ரிப்பேர் செய்யாமல் ஒரு சின்னப் பிள்ளையைத் தனியாகப் பந்தல் போட விட்ட பெரியவர்கள் யார் யார் என்று பெயர் கேட்டீர்களாம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! நான் அவரைக்கொடிக்குக் கழிகளைத் திரும்ப நட்டு, விரிப்பைத் துவைத்துக் கொடுத்துவிட்டு, புதன்கிழமை நடக்கலாம். நாளை பிலாரம்மாவே பந்தலுக்கு இடம் காட்டுகிறார். தண்ணீர் என் பக்கம், ரொட்டி அவர் பக்கம். ஒரு வரிகூடக் கேட்காமல் என்னை நம்பியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்துக்கே தேவையில்லாமல் போய்விட்டது என்று துள்ளிக்கொண்டு அறைக்கு வந்தால், நேரம் ஆகிறதே என்று லோட்டே என் போனில் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து உங்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். மேடை விஷயம் இருக்கிற பக்கத்தை மட்டும் இரண்டு தடவை. முதலில் எடுத்தது தெளிவாக இல்லையாம். எல்லாவற்றுக்கும் நீல டிக் விழுந்துவிட்டது. பதினோரு நிமிடமாக உங்கள் பெயருக்குக் கீழே டைப்பிங், டைப்பிங் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது நின்றுவிட்டது. எமிலியோ சார் அறையில் போன் அடிக்கிறது.