குடும்பவியல் துறைக்கு ஒரு குழந்தை தேவை

உலகத்தில் குடும்பம் என்ற ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறதென்றால் அதற்குக் காரணம் காதலோ கல்யாணமோ அல்ல; சோங்ஜு நகரில், எங்கள் பல்கலைக்கழகத்தின் நான்காவது மாடியில் இயங்கும் மனித வளர்ச்சி மற்றும் குடும்பவியல் துறைதான். அந்தத் துறையின் அலுவலகத்தில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

துறைத் தலைவர் பேராசிரியர் பியோ. குடும்பத்தோடு உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவதன் மகிமை பற்றி அவர் எழுதிய புத்தகங்களை அடுக்கினால் இடுப்பு உயரம் வரும். எல்லாவற்றையும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் எழுதினார். அவர் கிளம்பாமல் நாங்கள் கிளம்புவது மரியாதை இல்லையே, நாங்களும் உட்கார்ந்திருந்தோம். எழுதாத நாட்களில் எங்களைப் பன்றிக்கறி சுடும் கடைக்கு அழைத்துப்போய், எல்லாருக்கும் சோஜு சாராயம் ஊற்றிக் கொடுத்து, "வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமாடா?" என்று கண் கலங்குவார். தங்கமான மனுஷர்.

அப்போது எங்கள் கையில் இருந்தது ஒரு மாபெரும் ஆய்வு: "இளம் பெண்கள் ஏன் பிள்ளை பெற்றுக்கொள்வதில்லை?" பணம் கொடுத்தது தலைநகரிலுள்ள அரசாங்கத்தின் 'பிறப்பு ஊக்கப் பிரிவு'. அந்த ஆய்வின் ஒரு அங்கம், தாய்க்கும் சேய்க்கும் உள்ள பாசத்தை அளப்பது. முறை ரொம்பச் சுலபம். கண்ணாடி வைத்த ஓர் அறை; அறைக்குள் இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, வெளியே இருக்கும் எங்களுக்கு ஜன்னல். உள்ளே அம்மாவும் குழந்தையும் விளையாடுவார்கள். 'அறிமுகமற்ற நபர்' ஒருவர் நுழைவார். அம்மா நழுவிவிடுவாள். குழந்தை அழ வேண்டும். அழுதால் பாசம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். சிரித்தால் வீட்டில் கோளாறு.

செயல்முறையை நேரில் பார்க்க அந்தப் பிரிவின் அதிகாரி வருவதாக ஓலை வந்தது. எல்லாம் தயார். குழந்தைதான் இல்லை.

ஊர் பூராவும் தேடினோம். பக்கத்துத் தெரு மழலையர் பள்ளி முதியோர் பகல் இல்லமாக மாறியிருந்தது. புள்ளியியல் பார்க்கும் பாங், பூங்காவில் ஒரு தள்ளுவண்டியைத் துரத்திக்கொண்டு ஓடி, மூச்சு வாங்க மூடியை விலக்கிப் பார்த்தால், உள்ளே பட்டுச்சட்டை போட்ட நாய்க்குட்டி.

"நாய் அழுதா பரவாயில்லையா சார்?" என்று கேட்டான்.

"விளையாடாதே பாங். நாட்டோட எதிர்காலம்!" என்றார் பேராசிரியர்.

இந்த இடத்தில் ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். குழந்தை துறைக்குள்ளேயே இருந்தது. ஆய்வாளர் யுன்-ஹீக்கு ஒரு வயதில் ஒரு பெண் குழந்தை. பெயர் போம். யுன்-ஹீ வயிறு தெரியாமல் குளிர்காலம் முழுக்கக் கணுக்கால் வரை தொங்கும் பஞ்சுக் கோட்டுக்குள் நடமாடினாள். விடுமுறையில் பெற்றாள். "ஜேஜு தீவுல கள ஆய்வு" என்று சொல்லி, திரும்பி வரும்போது சாட்சிக்கு அந்தத் தீவில் விளையும் ஆரஞ்சும் ஒரு பெட்டி கொண்டுவந்தாள். நகலெடுக்கும் அறையில் அவள் கைப்பையிலிருந்து பால்புட்டி ரப்பர் விழுந்த அன்று எனக்கு விஷயம் தெரிந்தது.

"அக்கா, சத்தியமா யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இந்த மாசம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவள் பயந்ததில் நியாயம் உண்டு. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவள், கர்ப்பம் என்று சொல்லி எல்லாருக்கும் அரிசிக் கேக் கொடுத்தாள். பேராசிரியர் மனதார வாழ்த்தினார். "குடும்பம்தான் முக்கியம்" என்றார். அப்படியே குடும்பத்தோடு இருந்துகொள்ளச் சொல்லி அனுப்பியும் வைத்தார்.

கடைசியில் அக்கம்பக்கத்தார் பழசு விற்கும் செயலியில் விளம்பரம் போட்டோம்: 'குழந்தை ஆய்வகத்துக்கு ஒரு வயதுக் குழந்தை தேவை. ஒரு மணி நேரம். டயப்பர் ஒரு பெட்டி இலவசம்.' உடனே ஒரு பெண் வருவதாகப் பதில் போட்டாள். துறையே கைதட்டியது.

அதிகாரி வந்த அன்று, அறிமுகமற்ற நபராக நடிக்க வேண்டிய நாடக மாணவிக்குக் காய்ச்சல். பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார்.

"யுன்-ஹீ, நீ போ. உன் முகம் ஒரு தடவை பார்த்தா யாருக்கும் ஞாபகம் இருக்காது."

"ரொம்ப நன்றி சார்" என்று உள்ளே போனாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேராசிரியர், அதிகாரி ஓக் அம்மையார், படம்பிடிக்கும் பாங், நான். உள்ளே பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யுன்-ஹீயின் கைபேசியில் நான் பார்த்த அதே குண்டுக் கன்னம். பகலில் போமைப் பார்த்துக்கொள்ளும் அவள் நாத்தனார் மி-ரே, அண்ணி வேலை பார்ப்பது இந்தத் துறைதான் என்பது தெரியாமல், டயப்பருக்கு ஆசைப்பட்டு, தானே அம்மா என்று பதிந்துவிட்டு வந்திருக்கிறாள்!

"ஐயோ, நீங்களா!" என்றாள் மி-ரே.

"என்னை உங்களுக்குத் தெரியாது" என்றாள் யுன்-ஹீ.

"தெரியாதா?"

"தெரியாது."

"சரி... தெரியாது."

"பிரமாதம்! என்ன ஒரு அறிமுகமின்மை!" என்று பேராசிரியர் அதிகாரியிடம் பூரித்தார்.

மி-ரே விட்டால் போதும் என்று வெளியே ஓடினாள். போம் அழவில்லை. அறிமுகமற்ற நபரைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டு, தவழ்ந்து போய் முழங்காலைக் கட்டிக்கொண்டது. யுன்-ஹீ மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் சிரிக்குது?" என்று கேட்டார் ஓக்.

பேராசிரியரின் முகம் இருண்டது. "கடுமையான பாசக் குறைபாடு மேடம். முன்பின் தெரியாதவங்க மடியில ஏறுதே! அந்த அம்மாவைப் பத்திக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லியே ஆகணும்." ஒலிவாங்கியை எடுத்தார். "யுன்-ஹீ, முகத்தைத் திருப்பிக்கோ. தொடாதே. ஆய்வு கெட்டுடும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை அந்தப் பக்கம் சுற்றி வந்தது. மறுபடி திருப்பினாள். குழந்தைக்கு உதடு பிதுங்கியது. "ம்மா" என்றது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை.

"அழுதுடுச்சு! விஞ்ஞானம் மேடம், விஞ்ஞானம்!" என்று பேராசிரியர் துள்ளினார்.

யுன்-ஹீ எழுந்தாள். குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன் வந்து நின்றாள்.

"சார், இவ என் பொண்ணு. பேரு போம். உங்க ஆய்வு கெட்டா கெட்டுப் போகட்டும்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாங் மெல்லக் கையைத் தூக்கினான். "சார், எனக்கும் ஒண்ணு இருக்கு. மூணு வயசு."

நான் வாயைத் திறக்கவில்லை. என் பையன் பட்டாளத்துக்கே போய்விட்டான்; இனிமேல் சொல்லி என்ன?

பேராசிரியர் நிஜமாகவே நொந்துபோனார். உள்ளே போய் அவள் முன்னால் நின்றார். "நாட்டுல குழந்தை இல்லையேன்னு நான் ராப்பகலா எழுதிட்டிருக்கேன். என்கிட்டப் போய் மறைச்சியேம்மா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"வாழ்த்தியிருப்பேன்!"

"அப்புறம்?"

"எல்லாருக்கும் விருந்து வெச்சிருப்பேன்."

"அதுக்கும் அப்புறம் சார்?"

பேராசிரியர் பியோ ஆய்வகத்துக்குள் பொய் சொல்ல மாட்டார். அது அவர் கொள்கை. "ஆய்வு நிக்கக் கூடாதில்லையா... உன் இடத்துக்கு வேற ஆள் பார்த்திருப்பேன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது.

அப்போது ஓக் அம்மையார் ஒலிவாங்கியை எடுத்தார். "பேராசிரியரே, இளம் பெண்கள் ஏன் பெத்துக்கிறதில்லைங்கிற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க. ஆய்வுக்கு இனியும் பணம் வேணும்னா இவங்க ஒப்பந்தத்தை இன்னிக்கே புதுப்பிங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க."

"ஆகட்டும் மேடம். ஆகட்டும்."

கையெழுத்து அங்கேயே ஆனது. யுன்-ஹீ குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனாள். மி-ரே டயப்பர் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். எனக்கு அரசாங்கத்தின் மேல் அப்படி ஒரு மதிப்பு வந்தது! தலைநகரில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் எவ்வளவு தெளிவு, எவ்வளவு துணிச்சல்!

ஓக் அம்மையார் பாங்கின் பக்கம் குனிந்தார். "ஒலி இன்னும் பதிவாகுதா?"

"ஆகுது மேடம்."

"நிறுத்துங்க."

நிறுத்தினான். அவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்:

"உங்களுக்கு இதுல அனுபவம் இருக்கும். எனக்கு இது அஞ்சாம் மாசம். எங்க பிறப்பு ஊக்கப் பிரிவுல இன்னும் எத்தனை நாளைக்கு மறைக்கலாம்?"