ருசி பார்க்கப் போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில், ஓடைக்கு மேற்கே இருந்த வளை ஒன்றில், பவளக்கொடி என்கிற முள்ளம்பன்றி குடித்தனம் நடத்தி வந்தாள். ஒரு கணவன், மூன்று குட்டிகள், ஒரு உப்புமாச் சட்டி. இந்த ஐந்தையும் அவள் ஒரே ஆயுதத்தை வைத்துக்கொண்டு ஆண்டாள். "சொன்ன பேச்சு கேக்கலேன்னா சாப்பாடு கிடையாது." அவ்வளவுதான் ஆயுதம். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அது பழுதானதில்லை.

இப்படி இருக்கையில், காட்டுப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் குட்டிகளுக்கெல்லாம் தினமும் காலையில் சூடாகச் சாப்பாடு போட வேண்டும் என்று சிங்கராஜா உத்தரவு போட்டார். பசித்த வயிற்றில் பாடம் ஏறாதாம். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றார்கள்? மான் வீட்டுக் குட்டி வாழ்க்கையில் முதல் தடவையாக மயங்கி விழாமல் ஏழாம் வாய்ப்பாட்டை முழுசாக ஒப்பித்தது. ஓநாய்க் குட்டிகள்கூடத் திருட்டை மத்தியானத்துக்குத் தள்ளிப்போட்டன.

ஆனால் பவளக்கொடி வீட்டில் நடந்தது வேறு.

"செவ்வந்தி, வீட்டுப்பாடத்த எழுதுடி. இல்லேன்னா சாப்பாடு கிடையாது."

"பரவால்லம்மா," என்றாள் மூத்தவள், வாலைக்கூட அசைக்காமல். "காலைல ஸ்கூல்ல தினைப் பொங்கல். ரெண்டு கரண்டியா வாங்கிக்கறேன்."

பவளக்கொடியின் முதுகில் அத்தனை முள்ளும் எழுந்து நின்றது. கணவன் தணிகாசலம் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நாலு அடி தள்ளி உட்கார்ந்தான். கல்யாணமான புதிதிலேயே கற்றுக்கொண்ட பாடம் அது.

அதோடு நின்றதா? கடைக்குட்டி தட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டது. "ஏம்மா, நம்ம வீட்டு உப்புமா மட்டும் கவுத்தாலும் விழ மாட்டேங்குது?"

நடுக்குட்டி சொன்னது, "சாப்பாடுன்னா ருசியா இருந்தாலும் தப்பில்லையாம்மா. மிஸ் சொன்னாங்க."

பவளக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டாள். வரட்டும் கோடை லீவு. ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. அப்புறம் எங்கே போய் வாய் பேசுகின்றன என்று பார்த்துவிடலாம்.

லீவு விட்ட அன்றைக்கே குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் சுற்றறிக்கை வந்து விழுந்தது. கோடை விடுமுறையிலும் குட்டிகளுக்கு உணவு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பார்சல் கிடையாது. கீழே, எறும்புக்கு மட்டும் தெரிகிற அளவில், இன்னொரு விதி. பரிமாறுவதற்கு முன்னால் தாய்மார் ஐந்து பேர் குழுவாக வந்து ருசி பார்க்க வேண்டும். குழுத் தலைவி 'மோசம்' என்று பதிவு செய்தால் அன்றைக்கே சமையற்கூடத்துக்குச் சீல்.

அந்த விதியை அவள் மூன்று தடவை படித்தாள். முள் மெதுவாக அடங்கியது.

"இது போதும் எனக்கு."

"பாவம் பவளம்," என்றான் தணிகாசலம். "அந்த மான் குட்டி என்ன பண்ணும்?"

"அதுக்கு நான் உப்புமா குடுக்கறேன்."

"அதான் பாவம்ங்கறேன்."

பக்கத்துக் குகைக் கரடி எஸ்தரையும் இன்னும் மூன்று தாய்மார்களையும் சேர்த்துக் குழு அமைத்தாள். தலைவி யார் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஓடைத் தண்ணீரில் முகம் பார்த்து ஒத்திகையும் ஆனது. முதல் வாய் எடுத்ததும் மூக்கைச் சுளிக்க வேண்டும். பிறகு கண்ணை மூட வேண்டும். பிறகு, "இதையா குழந்தைங்களுக்குப் போடறீங்க?"

மறுநாள் காலை ஐந்து பேரும் பள்ளிக்கூடம் போனார்கள். குட்டிகள் தட்டோடு வரிசையில் நின்றன. முன்னால் செவ்வந்தி, அவளுக்குப் பின்னால் மான் குட்டி. ஆய்வாளர் குள்ளநரி கையில் தொடுதிரை டேப்போடு, சிக்னல் கிடைக்கிற ஒரே இடமான கரையான் புற்றின் மேல் ஏறி நின்றிருந்தார். சமையல்காரி காட்டுக்கோழி அமலோற்பவம் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"உக்காருங்கக்கா."

"எதுக்கு?" என்றாள் பவளக்கொடி.

"உக்காந்து சாப்பிட்டாதான் ஆப்புல போட்டோ ஏறும்," என்றார் நரி.

உட்கார்ந்தாள். இலை வந்தது. இலையில் ஆவி பறக்கும் தினைப் பொங்கல், முழு மிளகு, மேலே நெய், ஓரமாகத் தேங்காய்ச் சட்னி. பவளக்கொடி ஒரு வாய் எடுத்து வைத்தாள். மூக்கு சுளிக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் சுளிக்கவில்லை.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்தில், தான் கிண்டாத ஒன்று, தனக்கு முன்னால், சூடாக வந்தது அன்றைக்குத்தான். வீட்டில் அவளுடைய காலைச் சாப்பாடு என்பது குட்டிகள் தட்டில் மிஞ்சியதை, ஒரு கையால் யாருடைய மூக்கையாவது சிந்திவிட்டுக்கொண்டே, நின்றபடி வழித்துப் போட்டுக்கொள்வது. அதைச் சாப்பாடு என்று சொன்னால் ஓநாய்கூடச் சிரிக்கும்.

"எப்படிங்க இருக்கு?" என்றார் நரி.

"ஒரு வாய்ல என்ன தெரியும்? இன்னொரு கரண்டி போடும்மா."

போட்டாள்.

"மேலாக்க நல்லாத்தான் இருக்கும். அதெல்லாம் கண்துடைப்பு. அடியிலேர்ந்து எடு."

அடியிலிருந்து எடுத்தாள்.

"எனக்கு நடுவுலதான் சந்தேகமா இருக்கு," என்றாள் கரடி எஸ்தர். அவளுடைய சந்தேகம் ஒன்பது கரண்டி தீர்த்தது. மற்ற மூவரும் சந்தேகத்துக்கு வஞ்சனை செய்யவில்லை. சட்னியைத் தனியாகப் பரிசோதித்தார்கள், பொங்கலோடு பரிசோதித்தார்கள், பிறகு இலையை வழித்துப் பரிசோதித்தார்கள்.

"அம்மா," என்றாள் செவ்வந்தி வரிசையிலிருந்து. "ருசி பாத்தது போதும்மா. பசிக்குது."

"கடமைல இருக்கறப்ப பேச்சுக் குடுக்காதடி!"

கடைசியில் நரி புற்றிலிருந்து இறங்கி வந்து அண்டாவைச் சாய்த்துப் பார்த்தார். அடி தெரிந்தது. அதில் அவர் முகமும் தெரிந்தது.

"சரிங்கம்மா, பதிவு பண்ணிடுங்க," என்று டேப்பை நீட்டினார்.

வரிசை மொத்தமும் காலித் தட்டோடு பார்த்தது. பவளக்கொடி டேப்பை வாங்கிக்கொண்டாள். 'நன்று' என்று அமுக்கினால் வீட்டில் அவள் ராஜ்யம் அன்றோடு முடிந்தது. நாளையிலிருந்து மூன்றும் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'மோசம்' என்று அமுக்கினால், மோசமானதை எதற்கு அண்டாவோடு தின்றீர்கள் என்று கேட்பார்கள். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் சீல் வைத்துவிடுவார்கள். மான் குட்டி பட்டினி கிடக்கும். அதைவிட, இங்கேதான் அவள் நெஞ்சு சிக்கிக்கொண்டது, நாளைக்குப் பொங்கல் இருக்காது.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் மூன்றாவதாக ஒரு பொத்தான் கண்ணில் பட்டது. 'மறுபரிசோதனை தேவை.'

"இத அமுக்கினா என்ன ஆகும்?"

"முடிவு தெரியற வரைக்கும் சமையல நிறுத்த முடியாதும்மா. இதே அஞ்சு பேரும் தினம் வந்து பாக்கணும். லீவு முடிய இன்னும் அம்பத்தொரு நாள் இருக்கு." நரி குரலைத் தாழ்த்தினார். "இதுவரைக்கும் யாரும் அமுக்கினதில்ல."

அவள் அமுக்கினாள். அமுக்கிய வேகத்தில் திரையில் கீறல் விழுந்துவிட்டது.

அமலோற்பவம் முணுமுணுத்துக்கொண்டே மறு உலை வைத்தாள். குட்டிகள் தாமதமாக, ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டன. மறுநாளிலிருந்து குட்டிகளுக்கு ஒரு அண்டா, பரிசோதனைக்கு ஒரு அண்டா என்று ஏற்பாடு.

வீட்டில் தணிகாசலம் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தான்.

"நீங்க நாலு பேரும் சாப்பிட்டு வந்துடறீங்க. எனக்கு?"

"நீங்க குட்டியா? இல்ல. தாயா? இல்ல. படிவத்துல கணவர்னு ஒரு கட்டமே கிடையாது. நான் என்ன பண்ணட்டும்?"

நாலாம் நாள் அவன் உப்புமா கிண்டினான். தட்டைக் கவிழ்த்ததும் விழுந்தது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை; உயிர்மேல் ஆசை இருந்தது.

எல்லாம் சுகமாகத்தான் போயிற்று. பன்னிரண்டாம் நாள் பவளக்கொடி பழைய ஞாபகத்தில் அதட்டினாள்.

"செவ்வந்தி, அந்த மொபைல வெச்சுட்டுப் படிக்கப் போ."

செவ்வந்தி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "மொபைலப் புடுங்கினா, எங்கம்மாவுக்குப் பொங்கல் ரொம்பப் புடிச்சிருக்கு, பரிசோதனையெல்லாம் போதும்னு நரி மாமாகிட்ட சொல்லிடுவேன்."

முள் எழுந்தது. பாதியில் நின்றது. தானாகவே படிந்தது.

"சார்ஜ் இருக்காடி கண்ணு?" என்றாள் பவளக்கொடி.

லீவு முடிந்ததும் குள்ளநரி அறிக்கை அனுப்பினார். 'கோடை உணவுத் திட்டத்தால் குடும்ப உறவுகள் பலப்பட்டுள்ளன. தாய்மார்கள் குட்டிகளிடம் அன்பாகப் பேசுகின்றனர். தந்தையர் சமைக்கின்றனர். உணவின் தரம் குறித்த தாய்மார்களின் சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. ஆண்டு முழுவதும் பரிசோதனை தொடர அனுமதி வேண்டுகிறேன்.' சிங்கராஜா நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

நீதி: அரசாங்கத் திட்டத்தை எதிர்த்துப் போராடக் கிளம்பும் தாய்மார்கள், வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டில் உப்புமாதான் என்றால் போராடவே வேண்டாம்.