கதாநாயகிக்கு ஒரு வாஷர்

சமையலறைக் குழாய் ஒழுகத் தொடங்கிய அன்றே எடிட்டர் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். அதைச் சரி செய்யக் கூடாது. படம் எடுக்க வேண்டும்.

பிழைப்புக்கு அவர் வெட்டி ஒட்டுவது கல்யாண வீடியோ. மாப்பிள்ளை சிரித்தால் பூ பறக்கும். மாமியார் முறைத்தால் கத்திரி விழும். மனசு மட்டும் வேறெங்கோ ஏங்கிக் கிடந்தது. கதை, நடிகர், பாட்டு எதுவும் இல்லாத ஒரு சோதனைப் படம். சொட்டு திரள்கிறது, தொங்குகிறது, விழுகிறது. அவ்வளவுதான் படம்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. படப்பிடிப்பு முடிந்தபாடில்லை. மனைவி பாத்திரம் கழுவ வந்தால், வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொல்வார். சமையலறையில் கேமரா, குளியலறையில் பாத்திரம் என்று குடும்பம் ஓடியது. பிளம்பரைக் கூப்பிடலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம், என் கதாநாயகியின் கழுத்தைத் திருக ஆள் பிடிக்கிறாயா என்று பாய்ந்தார்.

ஒருவழியாகப் படம் முடிந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. ஸ்டூடியோ முதலாளி, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார். மச்சான் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். உலகம் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு ஆள் கடைசிச் சொட்டு வரை பார்த்தால் போதும் என்றிருந்தது எடிட்டருக்கு.

ஞாயிற்றுக்கிழமை மனைவி தானாகவே வந்து உட்கார்ந்தாள். போடச் சொன்னாள்.

அவள் அசையவில்லை. கொட்டாவிகூட விடவில்லை. எடிட்டர் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மெல்லக் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"விழறதுக்கு முன்னாடி ஒரு நொடி தொங்கிட்டு நிக்குது பாருங்க. நம்மள யாராவது கவனிக்க மாட்டாங்களான்னு கேக்கற மாதிரி இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்ட ரசிகையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"இனிமே எடுக்கறதுக்குப் பாக்கி ஒண்ணும் இல்லையே?"

"ஒரு ஃபிரேம்கூட இல்லை. முழுசா முடிஞ்சாச்சு."

"அப்ப சரி. அண்ணே, உள்ளே வாங்க."

வாசலில் காத்திருந்த பிளம்பர் ஸ்பேனரோடு நுழைந்தார். பழைய வாஷரைக் கழற்றிப் புதியதைப் போட்டு இறுக்கினார். கதாநாயகி வாயை மூடிக்கொண்டாள்.

எடிட்டருக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு ரசிகை கிடைத்துவிட்டாளே. இன்னொரு தரம் போடட்டுமா என்று ஆசையாகக் கேட்டார்.

அவள் குழாயைத் திறந்து, நிம்மதியாக ஒரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"எதுக்குங்க? அந்தச் சொட்டை மழைக்காலத்துலேருந்து நின்னு நின்னு பார்த்தவ நான். இன்னைக்குப் படம் ஓடுனப்போ கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கிட்டேன்."